மீன் தொட்டியில் ஒரு பிடி வைக்கோல்

அன்று காலையில் காப்பி போடுவதற்கு முன்னால் தொட்டியைப் பார்த்தேன். மீன்கள் எல்லாம் மேலே வந்து நின்று, தண்ணீருக்கு வெளியே வாயை நீட்டித் திறந்து மூடிக்கொண்டிருந்தன. தண்ணீர் புதினாத் துவையலைக் கரைத்துவிட்ட நிறத்தில் இருந்தது. அந்தப் பச்சைக்குள் ஒரு மூலையில், கொசுவலைத் துணியில் கட்டிய வைக்கோல் முடிச்சு ஒன்று காற்றுக் குமிழியில் ஆடிக்கொண்டிருந்தது.

என் வீட்டுக்காரர் பின்னால் வந்து நின்றார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"பாத்தியாட்டி? உன் தம்பி என் மேல உள்ள கோவத்த மீன் மேல காட்டுதான்."

நான் பயந்தது மீனுக்காக மட்டும் இல்லை. எங்கள் மகள் கல்யாணத்துக்குப் பிறகு என் தம்பியும் இவரும் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. அந்த வீட்டிலிருந்து இந்த வீட்டுக்கு அதன்பின் வந்து சேர்ந்த முதல் பொருள் அந்த ஒரு பிடி வைக்கோல்தான். அதைப் பிடித்துக்கொண்டு இரண்டு வீட்டையும் பைய ஒட்டவைத்துவிடலாம் என்று நான் மனக்கோட்டை கட்டியிருந்தேன். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது.

நேரம் தவறாதவர்

இவர் பஸ் டிப்போவில் நேரக்காப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். எந்த வண்டி எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும் என்று பார்த்து விசில் ஊதி அனுப்புகிற வேலை. ஓடிவருகிறவர் யாராக இருந்தாலும் வண்டி நிற்காது. மாமனாரே ஓடிவந்தாலும் நிற்காது. ஒருமுறை என் அப்பா ஓடிவந்திருக்கிறார், நிற்கவில்லை.

தம்பி சுடலைமுத்து அதற்கு நேர்மாறு. சேரன்மகாதேவியில் வயலும் இரண்டு பசுமாடும் வைத்திருக்கிறான். வானத்தையும் வாய்க்காலையும் பார்த்து நடக்கிறவன். கடிகாரம் கட்டினால் அவனுக்குக் கை அரிக்கும்.

இந்த இரண்டு பேரும் எங்கள் மகள் சிவகாமியின் கல்யாணத்தில் மோதிக்கொண்டார்கள். எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு மாலை போட்டு, கையைப் பிடித்து மணமேடைக்குக் கூட்டிவர வேண்டியவன் தாய்மாமன். சொன்ன நாளில் வராமல் முந்தின நாள் ராத்திரிதான் அவன் வயலுக்கு அறுப்பு மெஷின் வந்து சேர்ந்தது. மழை வேறு மிரட்டிக்கொண்டிருந்தது. நெல்லைக் கரையேற்றிவிட்டு வருகிறேன் என்று அவன் போனில் சொன்னான். இங்கே முகூர்த்தம் நெருங்கிவிட்டது. இவர் கடிகாரத்தைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார், என் சித்தப்பா மகனைக் கூப்பிட்டு மாலையைக் கையில் கொடுத்துவிட்டார்.

முத்து சீர்த்தட்டோடு மண்டபத்துக்குள் நுழையும்போது இன்னொருத்தன் சிவகாமியின் கையைப் பிடித்து நடத்திக்கொண்டு போகிறான். முத்துவின் வேட்டியில் சேறுகூடக் காயவில்லை. தட்டை என் காலடியில் வைத்துவிட்டு, சாப்பிடாமல் திரும்பிப் போய்விட்டான். நான் அழுதுகொண்டே தாலி கட்டுவதைப் பார்த்தேன். பார்த்தவர்கள் மகளைப் பிரிகிற அழுகை என்று நினைத்துக்கொண்டார்கள்.

அதிலிருந்து இவர் வாயில் அவன் "மாப்ள" இல்லை, "உன் தம்பி". அவன் வாயில் இவர் "அத்தான்" இல்லை, "உங்க வீட்டுல". நான் மட்டும் பாளையங்கோட்டைக்கும் சேரன்மகாதேவிக்கும் பாபநாசம் பஸ்ஸில் போய்வந்துகொண்டிருந்தேன்.

கலெக்டர்

சிவகாமி புருஷனோடு கோயம்புத்தூருக்குப் போனபிறகு வீடு சத்தமில்லாமல் போய்விட்டது. அப்போதுதான் இவர் இந்தத் தொட்டியை வாங்கிவந்தார். கூடத்தில் கிழக்கு ஜன்னல் ஓரமாக வைத்தார். கப்பி மீன்கள் ஒரு கூட்டம், தங்கமீன் ஒன்று. தங்கமீன் எங்கே போனாலும் கப்பிகள் பின்னாலேயே போகும். அதனால் அதற்குக் கலெக்டர் என்று பேர் வைத்தார். கலெக்டர் ஆய்வுக்குக் கிளம்பியாச்சு, கலெக்டர் சாப்பிட்டாச்சு என்று நாள் முழுக்க எனக்குச் செய்தி வாசிப்பார். மகள் இருந்த காலத்தில்கூட இவ்வளவு பேசியதில்லை.

சித்திரை வெயில் தொடங்கியதும் தண்ணீர் பச்சையாக ஆரம்பித்தது. மாற்றினார். மறுபடி பச்சை. கண்ணாடியைத் தேய்த்தார். மறுபடி பச்சை. கலெக்டர் எங்கே என்று தேட வேண்டியதாகிவிட்டது. கடையில் ஒரு நீல மருந்து கொடுத்தார்கள். அதை ஊற்றினால் மீனுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று பயந்து அலமாரி மேலே வைத்துவிட்டார். மனிதர் பேச்சும் குறைந்துவிட்டது.

போன வாரம் இந்தப் பத்தியில், பள்ளிக்கூட ஆய்வகத்தில் தவளை தப்பித்த கதையை எழுதியிருந்தேன். அதைப் படித்த ஒரு வாசகி, தாவரவியல் டீச்சருக்குத் தவளையோடு என்ன வேலை என்று கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. இந்த வாரம் பாசிக்கு வந்துவிட்டேன். பாசி தாவரமா இல்லையா என்று இப்போது படித்தவர்கள் சண்டை போடுகிறார்களாம். நான் நடத்திய பாடப்புத்தகத்தில் அது தாவரம்தான், அதனால் என் துறைதான். வருஷக்கணக்காகக் கரும்பலகையில் பாசியை வரைந்து பாகம் குறித்தவள் வீட்டுத் தொட்டியில் பாசி கும்மாளம் போடுகிறது என்றால் எனக்கு எப்படி இருக்கும்?

குளுதாடியில் கண்டது

அந்தச் சமயத்தில் தம்பி வீட்டுக்குப் போயிருந்தேன். மாட்டுத் தொழுவின் பக்கம் நின்றபோது ஒன்று கண்ணில் பட்டது. மாடு தண்ணீர் குடிக்கிற குளுதாடியில் எப்போதும் நாலு வைக்கோல் மிதந்துகொண்டிருக்கும். உள்சுவரில் பாசி அதிகம் இல்லை. ஆறடி தள்ளி, கைகால் கழுவுகிற சிமெண்டுத் தொட்டி. அதே கிணற்றுத் தண்ணீர், அதே வெயில். அதன் சுவர் முழுக்கப் பச்சைக் கம்பளம்.

மாடு நக்கிவிடுகிறது, அதனால்தான் பாசி இல்லை என்று முதலில் நினைத்தேன். ஆனால் மாட்டின் நாக்கு எட்டாத அடிமூலையிலும் இல்லை. அன்றைக்கு அதை நினைத்துக்கொண்டே சாப்பிட்டதில் தம்பி பெண்டாட்டி வைத்த குழம்பு என்ன குழம்பு என்றுகூடத் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து செல்போனில் தேடினால், வெளிநாடுகளில் குளத்துப் பாசிக்கு வைக்கோல் போடுகிறார்களாம். அங்கே பார்லி வைக்கோல். நமக்குப் பார்லி என்றால் காய்ச்சலுக்குக் கஞ்சி, அவ்வளவுதான். வைக்கோல் பாசியைக் கொல்லாது. தண்ணீரில் காற்றோட்டத்தோடு மெல்ல மக்கும்போது அதிலிருந்து ஏதோ கசிந்து, புதுப் பாசி பெருகுவதை மட்டுப்படுத்துகிறது என்கிறார்கள். அது என்ன என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். வாரக்கணக்கில் பொறுக்க வேண்டும், சில இடத்தில் பலிக்கும், சில இடத்தில் பலிக்காது என்றும் போட்டிருந்தது. யாருக்கும் முழுசாகத் தெரியாத விஷயம் என்றால் எனக்கு அல்வா சாப்பிட்ட மாதிரி.

பார்லி இல்லாவிட்டால் என்ன, நெல் வைக்கோல் இருக்கிறதே. மறுபடி போனபோது தம்பியிடம் கேட்டேன்.

"ஏலே முத்து, ஒரு பிடி வைக்கோல் வேணும்."

"எதுக்குக்கா? மாடு வாங்கிட்டியளா?"

"மீன் தொட்டிக்கு."

"மீனு வைக்கோல் திங்குமா?" என்று சிரித்தான். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு, வேறெங்கோ பார்த்துக்கொண்டு கேட்டான். "உங்க வீட்டுல உள்ளவுக மீனா?"

"அவுக மீனுதான். தண்ணி பச்சையாப் போச்சுன்னு சோறு எறங்காம இருக்காவ."

வாசலிலேயே பெரிய வைக்கோல்போர் நின்றது. அதில் ஒரு பிடி உருவித் தருவான் என்று பார்த்தேன். அவன் அதைத் தாண்டித் தொழுவுக்குப் பின்னால் போய், தார்ப்பாய் போட்டு மூடியிருந்த இடத்திலிருந்து எடுத்துவந்தான். நல்ல மஞ்சளாக, மெத்தென்று இருந்தது. லேசாக ஒரு நெடி அடித்தது. தொழுவத்து வாடை என்று நினைத்துப் பையில் போட்டுக்கொண்டேன்.

இவரிடம், முத்து கொடுத்தான் என்று சொன்னேன். கொசுவலைத் துணியை அளவாகக் கத்தரித்து, வைக்கோலை அதில் கட்டித் தொட்டிக்குள் தொங்கவிட்டவர் அவர்தான். எனக்கு அது போதும் என்று இருந்தது.

நெடி

ஒன்றிரண்டு நாளில்தான் நான் முதலில் சொன்ன காலை வந்தது.

பேசிக்கொண்டிருக்க நேரமில்லை. சமையலறையில் பிடித்துவைத்திருந்த தண்ணீர் அண்டாவில் மீன்களை மாற்றினோம். ஐந்தாறு கப்பிகள் செத்து மிதந்தன. கலெக்டர் அண்டாவுக்குள் ஒருக்களித்துக் கிடந்தார். செவுள் மட்டும் அசைந்துகொண்டிருந்தது. இவர் காற்றுக் குழாயை எடுத்து அண்டாவுக்குள் விட்டு, பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"கேக்க வேண்டியத நேருக்கு நேரா கேட்டுருக்கலாம்லா. இந்த வாயில்லாச் சீவன் என்ன செஞ்சுது?" என்றார். கலெக்டர் செத்துப்போனால் இந்த ஜென்மத்துக்கு இரண்டு வீடும் ஒன்று சேராது என்று எனக்கு அப்போது தெரிந்துபோயிற்று.

அந்த வைக்கோல் முடிச்சைக் கையில் எடுத்தேன். மூக்கருகே கொண்டுபோனதும் சுரீரென்று கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. தொழுவத்து வாடை இல்லை அது. பள்ளிக்கூட ஆய்வகத்தில் அமோனியா புட்டியைத் திறந்தால் வருகிற அதே நெடி. காய்ந்திருந்தபோது அடங்கிக் கிடந்தது, நனைந்ததும் எழும்பியிருக்கிறது.

தம்பிக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரை அழுத்தி அண்டா பக்கத்தில் வைத்தேன்.

"முத்து, நீ தந்தது எந்த வைக்கோல்லே?"

"ஏன்க்கா? பசுவுக்கு வச்சிருந்ததுதான். யூரியாத் தண்ணி தெளிச்சு மூட்டம் போட்டு வச்சது. கறவைக்கு அதான் சத்து."

"வாசல்ல அவ்வளவு வைக்கோல் கெடந்துச்சே, அதுல தர வேண்டியதுதான?"

"அது வெறும் வைக்கோல்லா. அத்தான் மொத மொத ஒண்ணு கேட்டு விட்டுருக்காவ, வெறும் வைக்கோலையா குடுத்து விடுவாவ?"

யூரியா என்றால் பாசிக்குப் பொங்கல் வைத்துப் பந்தி பரிமாறிய மாதிரி. மீனுக்கோ அது தண்ணீரில் அமோனியாவாக மாறி விஷம். இதை நான் போனில் விளக்கி முடிப்பதற்குள் அவன் போனை வைத்துவிட்டான்.

இவர் அண்டாவையே பார்த்துக்கொண்டிருந்தார். அவன் "அத்தான்" என்று சொன்னதைக் கேட்டிருப்பார். பிறகு என்னிடம் கேட்டார்.

"அதுக்கு வச்சத நமக்குத் தந்துட்டா, அப்போ அந்தப் பசு என்னத்தட்டி திங்கும்?"

பாபநாசம் வண்டி

மத்தியானத்துக்கு முன்னால் வாசல் கம்பிக்கதவு சத்தம் கேட்டது. முத்து நின்றான். தோளில் ஒரு சாக்கு. வேகவேகமாக நடந்துவந்த வேர்வை. கதவைத் திறந்தவன் உள்ளே வரவில்லை.

"மீனு பொழச்சிட்டாக்கா?"

நான் பதில் சொல்வதற்குள் இவர் கூடத்திலிருந்து எழுந்து வந்துவிட்டார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். இவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பழக்க தோஷம்.

"பாபநாசம் வண்டியிலயா வந்த?"

"ஆமா அத்தான். வண்டி லேட்டு."

"அது என்னைக்கும் லேட்டுதான்" என்றார். "வண்டி லேட்டா வந்தா அது வண்டியோட குத்தம். ஏறி வந்தவன் மேல குத்தமில்ல. அத நாந்தான் அன்னைக்கு யோசிக்கல. உள்ள வா மாப்ள."

வேலையில் இருந்த காலம் முழுக்க யாருக்காகவும் வண்டியை நிறுத்தாத மனிதர் இதைச் சொன்னார். முத்து முகத்தைத் துண்டால் துடைத்தான், துடைத்துக்கொண்டே இருந்தான். நான் உள்ளே ஓடிப்போய் அடுப்பைப் பற்றவைத்தேன். என்ன சமைப்பது என்று தோன்றவில்லை. வெறும் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது.

சாக்கில் வெறும் வைக்கோல் இருந்தது. உரமும் மருந்தும் காட்டாமல் வீட்டுச் சாப்பாட்டுக்கென்று அவன் தனியாகப் போடுகிற வயலில் அறுத்தது. ஆற்றில் இரண்டு முறை அலசிக்கொண்டு வந்திருந்தான். இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர் பாடு என்ன ஆனதோ.

சாயங்காலம் கலெக்டர் நிமிர்ந்துவிட்டார். முத்து அன்று தேங்காய்ப்பால் சொதியும் இஞ்சித் துவையலுமாக இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டான்.

வைக்கோலா, திரையா?

தொட்டியைக் கழுவிப் புதுத்தண்ணீர் விட்டு, வெறும் வைக்கோலைக் கட்டித் தொங்கவிட்டோம். இந்த முறை என் ஆய்வக புத்தி சும்மா இருக்கவில்லை. மொட்டைமாடியில் மூன்று ஊறுகாய்ப் பாட்டில்களை வரிசையாக வைத்தேன். மூன்றிலும் அதே பச்சைத்தண்ணீர். ஒன்றில் வெறும் வைக்கோல், ஒன்றில் பசுவின் வைக்கோல், ஒன்றில் ஒன்றுமில்லை. பசுவின் வைக்கோல் போட்டது சீக்கிரமே பெயிண்ட் டப்பா போல் ஆகிவிட்டது. ஒன்றும் போடாதது பச்சையாகவே இருந்தது. வெறும் வைக்கோல் போட்டது முதலில் டீத்தண்ணீர் நிறத்துக்குப் போய், பிறகு வாரம் போகப்போக வெளுத்தது. வெளுத்தது என்றுதான் எனக்குப் பட்டது. ஆசையோடு பார்க்கிற கண்ணை எவ்வளவு தூரம் நம்புவது?

கூடத்துத் தொட்டியும் பைய தெளிந்தது. கலெக்டரின் செதில்கூடத் தெரிந்தது. ஆனால் அதில் ஒரு குளறுபடி. வைக்கோல் போட்ட அதே நாளில், காலை வெயில் நேராகத் தொட்டியில் விழுகிறது என்று இவர் ஜன்னலுக்குக் கனமான திரை ஒன்றும் தைத்து மாட்டிவிட்டார். ஒரே நேரத்தில் இரண்டை மாற்றினால் எது வேலை செய்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? என் மாணவிகள் இப்படிச் செய்திருந்தால் மதிப்பெண்ணைக் குறைத்திருப்பேன்.

முத்து ஞாயிற்றுக்கிழமைதோறும் வைக்கோலைப் பார்க்க வந்தான். வந்தால் இந்த விவாதம்தான்.

"மாப்ள கொண்டாந்த வைக்கோல்தான்வே சரி பண்ணிச்சு" என்பார் இவர்.

"அது கெடக்கு. அத்தான் போட்ட திரையிலதான் பாசி அடங்குச்சு" என்பான் அவன்.

ஒருத்தர் மேல் ஒருத்தர் பழியைப் போட்டுக்கொண்டு திரிந்தவர்கள் இப்போது பாராட்டைத் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தார்கள். நான் இரண்டு பேருக்கும் காப்பி கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பேன்.

தண்ணீர் முழுக்கத் தெளிந்தது. நடவும் தொடங்கியது. பார்ப்பதற்கு ஒன்றும் இல்லாததால் முத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை வரவில்லை. அடுத்த ஞாயிறும் வரவில்லை. பாபநாசம் வண்டி வருகிற நேரத்துக்கு இவர் வாசல் வரைக்கும் போவதும், ஒன்றுமில்லாததுபோலத் திரும்பி வருவதுமாக இருந்தார்.

அப்புறம் ஒருநாள் காலையில் கூடத்துக்கு வந்தால், திரை முழுக்க விலகிக் கிடக்கிறது. வெயில் தொட்டிக்குள் தாராளமாக விழுகிறது. இவர் பக்கத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறார்.

"ஏங்க, திரை தொறந்து கெடக்கே?"

"காத்து வரட்டும்னு."

ஜன்னல் கதவு சாத்தியிருந்தது. மறுநாளும் காற்று வந்தது, அதற்கு மறுநாளும். மெல்லக் கண்ணாடியில் பச்சை ஏறியது. "பாசி திரும்பிட்டுட்டி. பழைய வைக்கோல் மக்கிப்போச்சு போல. மாப்ளைக்கு ஒரு போன் போடு" என்றார், கவலையான முகத்தோடு.

அந்த ஞாயிற்றுக்கிழமை முத்து புது வைக்கோலோடு வந்தான். நடவை இடையில் விட்டுவிட்டு வந்தான். தொட்டியைப் பார்த்தான், திரையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். வைக்கோலைக் கட்ட உட்கார்ந்துவிட்டான். இவர் எழுந்துபோய்த் திரையை இழுத்து மூடினார்.

மறுநாள் காலை இவர் நடைப்பயிற்சிக்குப் போயிருந்தார். அவசரத்தில் மறந்துவிட்டார் போலிருக்கிறது, திரை மூடியே இருந்தது. நான் காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டுப் போய் அதை நன்றாக விலக்கிவிட்டேன்.